எறும்பு வராத ஈரம்

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இன்று வாசலில் வண்டி பூஜைக்கு இருந்தவர்கள்: நான், பாவாயி, வயசு எழுபத்தொன்று. என் மகன் செங்கோட்டுவேல், ஏற்காட்டு ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டுகிறவன். அவன் பெண்டாட்டி கலாமணி. பேத்தி தர்ஷினி. மெக்கானிக் இருதயராஜ். அவன் பொரி வாங்கிப் போக வந்தவன்தான், பத்து நிமிஷம் நின்றான், இருந்தாலும் நின்றது நின்றதுதான். ஆக ஐந்து பேர். நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லவே இல்லை என்று சொல்லக் கூடாது. மூணாம் வகுப்போடு நின்ற நான் மருந்துக்கடை டைரியில் உட்கார்ந்து எழுதுவதே அதற்குத்தான். மனுசர்கள் மறந்துபோவார்கள். நான் மறக்க மாட்டேன். ஆனாலும் தேதி சொன்னால்தான் வாயை மூடுவார்கள்.

இருதயராஜுக்குப் பொரி அளந்து கொடுத்தது கலாமணி. நான் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் முன்னால், ஆனி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, வண்டியின் மூடியைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தான். நான் எட்டிப் பார்த்தேன். "ஆத்தா, இது அடுப்பில்ல, எட்ட நில்லுங்க" என்றான். ஸ்டாண்டில் நாலு பேர் சிரித்தார்கள். நாலு பேர் பேரும் தெரியும்.

காலையிலிருந்து எண்ணெய் வேலை. தையல் மிஷின், கத்தரிக்கோல், அரிவாள்மணைக் கீல், கொல்லைக் கதவு, எல்லாவற்றுக்கும் மிஷின் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தேன். வருஷம் முழுக்க உழைக்கிற சாமான், ஒரு நாளாவது அதுக்கு வயிறு நிறைய வேண்டும். வண்டிக்கும் போட்டேன். அவன் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தான். உள்ளே ஒரு வெள்ளை டப்பா, ரெண்டு கோடு போட்டது, எண்ணெய் கீழ்க் கோட்டுக்கு வந்து கிடந்தது. எனக்குச் சோறு போடுகிற வண்டி. அதுக்கு எண்ணெய் போட எனக்கில்லாத பாத்தியதையா.

அக்டோபர் 2, வியாழன்

மழை. பொரி நமுத்துவிட்டது. வண்டி சேலம் போய்த் திரும்பியது.

அக்டோபர் 4, சனி

வாசல் பெருக்கும்போது வண்டியின் பின்பக்கம், இடது டயருக்கு உள்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். கூப்பிட்டுக் காட்டினேன்.

"நேத்து வெள்ளிக்கெழமை இல்லையாம்மா. எலுமிச்சம்பழமும் தேங்காத்தண்ணியும்தான்" என்றான் செங்கோட்டுவேல். பல்லில் பிரஷ், குனியக்கூட இல்லை.

வெள்ளி தவறாமல் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவான், பின் டயர் ஓரத்தில்தான் தேங்காய் உடைப்பான். சரிதான். ஆனால் எங்கள் வாசல் எறும்பு எனக்குத் தெரியும். ஒரு சொட்டுத் தேங்காய்த்தண்ணி விழுந்தால் உலை கொதிப்பதற்குள் வரிசை கட்டிவிடும். வலது டயர்ப் பக்கம் கட்டியிருந்தது. இடது பக்கம் ஓர் எறும்பு இல்லை.

தொட்டுப் பார்த்தேன். வழுக்கியது. பழைய துணியால் துடைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன். வாசலில் அழுக்கு இருந்தால் எனக்கு ஆகாது.

மிளகு ரெண்டு முறம் காயவைத்தேன். வெயில் பத்தவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

தர்ஷினி பரீட்சைக்குப் படிக்கிறாள். வங்கி வேலைக்கு. பதினொண்ணாம் தேதி சனிக்கிழமை சேலத்தில். இந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போகிற முதல் ஆள் அவள்தான்.

மத்தியானம் அவளிடம் கேட்டேன், "ஏங்கண்ணு, ஒரு வண்டிக்கடியில ஈரம் இருந்தா அது என்னன்னு அந்த போன்ல போட்டிருக்குமா?"

"யாரு வண்டி ஆத்தா?"

"யாரு வண்டியா இருந்தா என்ன. படி."

படித்தாள். நான் கேட்டது கேட்டபடி எழுதி வைக்கிறேன். முன்பக்கம் சொட்டுகிற வெறும் தண்ணீர் ஏசித் தண்ணீர், தேய்த்தால் காணாமல் போகும், பயமில்லை. கறுப்பாக, பத்துத் தரம் பலகாரம் சுட்ட எண்ணெய் மாதிரி நடுவில் சொட்டினால் இன்ஜின் ஆயில். பச்சையோ ரோஸோ, பிசுபிசு என்று, இனிப்பு வாசனையோடு இருந்தால் கூலன்ட், நாய் நக்கினால் செத்துப்போகும். சிவப்பாக இருந்தால் ஸ்டீரிங் ஆயில். கெட்டியாக, கெட்ட முட்டை நாற்றம் அடித்தால் கியர் ஆயில். மெல்லிசாக, லேசான மஞ்சளில், வழுக்கிக்கொண்டு, டயர் பக்கம் இருந்தால் பிரேக் ஆயில்.

"அதுக்கு மட்டும் செகப்புல போட்டிருக்குது ஆத்தா. அது ஒழுகினா வண்டிய எடுக்கவே கூடாதாம்."

"எடுத்தா?"

"எடுக்கவே கூடாதுன்னுதான் போட்டிருக்குது."

எது ஒழுகுகிறது என்று தெரிய வெள்ளை அட்டையை வண்டிக்கடியில் விரித்து வைக்கச் சொல்கிறதாம். புடவைப் பெட்டி ஒன்று கிடந்தது. மூடியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

ராத்திரி வண்டிக்கடியில் வைத்த அட்டையை அவர்கள் எழுவதற்கு முன்னால் எடுத்துவிட்டேன். முன்பக்கம் தரையில் சொட்டியது காய்ந்து சுவடே இல்லை. இடது பின் டயர்ப் பக்கம் நாலு சொட்டு. லேசான மஞ்சள். ஓரம் பரவி எண்ணெய்க் காகிதம் மாதிரி அட்டை கண்ணாடியாகிவிட்டது.

மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு பக்கத்தில் விட்டு மோந்து பார்த்தேன். ரெண்டும் ஒன்றில்லை. ஒன்றில்லை என்றால் நான் போட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றுதானே அர்த்தம். அட்டையை அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தேன்.

சோறு போடும்போது மகனிடம் சொன்னேன், "அந்த இருதயராஜக் கூப்புட்டு வண்டியக் காட்டேன்."

அவன் கையில் எடுத்த உருண்டையைக் கீழே வைத்தான். "நீயாம்மா அவனக் கூப்புடச் சொல்ற?"

"சும்மா காட்டச் சொன்னேன்."

"பூஜைக்கு முந்தின நாள்தான் சர்வீஸ் பண்ணிக் குடுத்தான். தீபாவளி வரைக்கும் சவாரி இருக்குது. அப்பறம் பாத்துக்கலாம்."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காதவனிடம் எப்படிச் சொல்வது. கலாமணி ரசக் கரண்டியோடு நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். இவள் கல்யாணமாகி வந்த மூணாம் நாள், நான் வடித்த சோற்றில் கல் கிடந்தது என்று எடுத்து இலை ஓரத்தில் வைத்தவள். விழுங்கியிருக்கலாம். தள்ளிப் போட்டிருக்கலாம். எல்லோரும் பார்க்கிற மாதிரி இலை ஓரத்தில் வைத்தாள். இருபத்து மூணு வருஷம் ஆகிறது.

அக்டோபர் 8, புதன்

அட்டையில் ஒன்பது சொட்டு.

அக்டோபர் 9, வியாழன்

சனிக்கிழமை பேத்தியை இந்த வண்டியில்தான் கூட்டிப் போகிறானாம். பஸ்ஸில் போகட்டுமே என்றேன். "வீட்ல வண்டிய வெச்சுக்கிட்டு எம்புள்ள பஸ்ஸுல தொங்கோணுமா?" என்றான்.

சாயந்திரம் நெஞ்சு கனக்கிறது என்று படுத்தேன். வீட்டில் கிழவிக்கு முடியவில்லை என்றால் ரெண்டு நாள் வண்டியை எடுக்க மாட்டான் என்று பார்த்தேன். அவன் சாவியோடு வந்து நின்றான். "எந்திரி. இப்பவே சேலம் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். அரை மணி நேரத்துல எறக்கிருவேன்."

எழுந்து உட்கார்ந்து ரெண்டு ஏப்பம் விட்டுக் காட்டினேன். வாயுத் தொல்லைதான், போய்விட்டது என்றேன். கலாமணி ஓமத்தண்ணி கொண்டு வந்தாள். குடித்தேன். ரொம்பக் காரம்.

அக்டோபர் 10, வெள்ளி

நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். ஐந்தாவதாக ஒன்றை நான் வைத்தேன்.

இன்று சொல்லிவிடலாம் என்று மூணு தடவை கிட்டே போனேன். முதல் தடவை போனில் பேசிக்கொண்டிருந்தான். ரெண்டாம் தடவை கலாமணி இருந்தாள். மூணாம் தடவை யாரும் இல்லை. "மழை வருமாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சொன்னால் என்ன ஆகும். கோபிப்பான், அது போகட்டும். ஸ்டாண்டில் சொல்வான். ஸ்டாண்டில் இருந்து இருதயராஜுக்குப் போகும். "அடுப்பில்லன்னு அன்னைக்கே சொன்னனே" என்பான். அதை நான் செத்த பிறகும் என் பேரோடு சேர்த்துச் சொல்வார்கள்.

நாளைக்கு நானும் வண்டியில் ஏறிக்கொள்வது என்று முடிவு பண்ணிவிட்டேன். போனால் மூணு பேரும் போவோம்.

அக்டோபர் 11, சனி

ராத்திரிதான் டைரியை எடுத்தேன்.

ஆறரைக்குக் கிளம்பினோம். பேத்தியை எழுதவைத்துக் கூட்டி வருகிறேன் என்று நான் ஏறினதும் தர்ஷினிக்குச் சிரிப்பு. "ஆத்தாவும் பேங்க் பரீட்சை எழுதப் போவுது" என்றாள். நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். முன்னால் உட்கார்ந்தால் எதுவானாலும் எனக்கு முதலில் ஆகும்.

மேலிருந்து எண்ணினால் மூணாவது வளைவில் கருகல் வாசனை வந்தது. "ஏதோ தீயுது" என்றேன். முன்னால் போன லாரி என்றான். ஸ்டீரிங்குக்கு முன்னால் இருக்கிற தட்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா அப்படித்தான். ஹேண்ட்பிரேக் சரியா எறங்கலபோல."

அப்போது சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் நாலாவது வளைவு. அவன் கால் மிதித்தது. வண்டி நிற்கவில்லை. இன்னொரு தரம் மிதித்தான், மூணாம் தரம் மிதித்தான், சேற்றில் மிதிக்கிற மாதிரி கால் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. என் மகன் ஒரு சத்தம் போடவில்லை. "புடிச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னான், யாரோ பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரி. கியரைக் கீழே இறக்கினான், வண்டி அலறியது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தான், ஒரு பக்கம்தான் பிடித்தது, வால் திரும்பியது. இடது பக்கம் பள்ளம், மேகம் நின்றது, அடி தெரியவில்லை. அவன் வலது பக்கம் மலையோடு ஒட்டினான். கல்லும் மண்ணும் கதவை உரசிக்கொண்டு வந்தது, கண்ணாடி போனது, அப்புறம் வண்டியின் மூக்கு சாக்கடையில் இறங்கி நின்றது.

யாருக்கும் ஒன்றும் இல்லை. தர்ஷினிக்கு நெற்றியில் ஒரு புடைப்பு. அவள் முதலில் கேட்டது, "ஹால் டிக்கெட் எங்கே". பின்னால் வந்த ஸ்டாண்டு வண்டியில் ஏற்றி அனுப்பினோம். நேரத்துக்குப் போய்விட்டாள். பரீட்சை எழுதிவிட்டாளாம்.

செங்கோட்டுவேல் ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து ரெண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் உட்காருவான். நான் பக்கத்தில் நின்றேன். "எவன்கிட்ட வண்டிய உட்டேனோ அவன உடமாட்டேம்மா" என்றான்.

நான் அவன் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

வண்டியை இழுத்து வந்து வாசலில் விட்டிருக்கிறார்கள். காலையிலேயே இருதயராஜ் வந்தான், சொல்லி அனுப்பாமல் தானாக. ஸ்டாண்டில் நேற்றே பேச்சாகிவிட்டது. மூணு வண்டிக்காரர்கள் இனி அவனிடம் விடுவதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அவனுக்கு இருப்பது அந்த ஒரு கடை.

"நான் என்ன தப்பு பண்ணேன்னு பாத்துட்டுப் போறேன் வேலு. அடிக்கிறதா இருந்தா அப்பறம் அடி" என்றான்.

மூடியைத் திறந்தான். அந்த வெள்ளை டப்பாவின் மூடியைக் கழற்றினான். மூடிக்கு உள்ளே இருக்கிற ரப்பர் ஊறிப்போன அப்பளம் மாதிரி உப்பி, உருமாறி, திரும்ப உட்காரவில்லை. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கலாமணியிடம் ஒரு கண்ணாடி டம்ளர் கேட்டான். டப்பாவில் மிச்சம் இருந்ததை உறிஞ்சி எடுத்து அதில் விட்டான். கொஞ்ச நேரத்தில் டம்ளரில் ரெண்டு அடுக்கு. மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒன்றோடு ஒன்று சேரவில்லை.

"கீழ இருக்கறது பிரேக் ஆயில். மேல மெதக்கறது வேற எண்ணெய். இது பட்டா உள்ள இருக்கற ரப்பரெல்லாம் உப்பிரும். உப்புனா ஒழுகும். பூஜை நேரத்துல யாரோ ஊத்தியிருக்காங்க. நானில்ல."

"உன்ன உட்டா அந்த மூடியத் தொறக்கறவன் யாரு இருக்கான் இங்க?" என்றான் என் மகன்.

இருதயராஜ் என்னைப் பார்த்துத் திரும்பினான். கெஞ்சல்தான், கிண்டல் இல்லை. "ஆத்தா, நீங்கதான் எதையும் மறக்காதவங்க. அன்னைக்கு இங்க யாரு யாரு இருந்தாங்கன்னு நீங்க சொல்லுங்க."

சொன்னேன். இந்த டைரியில் எழுதின வரிசையிலேயே சொன்னேன். நான், செங்கோட்டுவேல், கலாமணி, தர்ஷினி, நீ. அஞ்சு பேர் என்றேன். அதோடு நிறுத்திவிட்டேன்.

மேகம் வாசல்வரை வந்து போனது.

"நாந்தான் ஊத்துனேன்" என்றாள் கலாமணி.

அவள் புருஷன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"எல்லாத்துக்கும் எண்ணெய் போடற நாளாச்சேன்னு போட்டேன். அத்தை மிஷினுக்கு வெச்சிருந்த எண்ணெய். அந்த டப்பாவுல அரைவாசி இருக்கும். கீழ்க் கோட்டுல இருந்துச்சு, மேல் கோடு வரைக்கும் ஊத்துனேன்."

அரைவாசி என்பது சரி. மேல் கோடு என்பதும் சரி.

"உங்கம்மா ஊட்ல கார் பாத்ததே இல்லையாடி? நம்ம புள்ள உள்ள இருந்துச்சு" என்றான் அவன். சத்தமாக இல்லை. கத்தியிருந்தால் தேவலை. அவள் தலையைக் குனிந்துகொண்டு டம்ளரை எடுத்துப் போய்க் கழுவினாள். மூணு தரம் சோப்புப் போட்டாள்.

நான் அங்கேதான் நின்றேன். என் வாய் மூடித்தான் இருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 13, திங்கள்

செங்கோட்டுவேல் கடைக்குப் போய் இருதயராஜ் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு வந்தான். ஸ்டாண்டிலும் சொல்லிவிட்டான். கலாமணியிடம் பேசவில்லை. தட்டில் விழுகிற சோற்றைக் கூடப் பார்க்காமல் சாப்பிட்டான். ஸ்டாண்டுக்காரர்கள் தெருவில் அவளைப் பார்த்து, "அக்கா, எங்க வண்டிக்கும் கொஞ்சம் எண்ணெய் ஊத்துங்க" என்கிறார்களாம். எண்ணெய்க்காரியக்கா என்று பேரே வைத்துவிட்டார்கள்.

அவள் மாவாட்டிக்கொண்டிருக்கும்போது போய் நின்றேன்.

"பாத்தியா நீ?"

"சமயக்கட்டு ஜன்னல்ல இருந்து பாத்தேன்."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"எண்ணெய்தானே, அதுல என்ன வந்துருதுன்னு நெனச்சேங்கத்தை. எனக்கும் தெரியாது. நேத்து டம்ளரப் பாத்துத்தான் தெரிஞ்சுது." கிரைண்டரை நிறுத்தினாள். "நீங்க அந்த வண்டிகிட்ட ஏதோ பேசிட்டே ஊத்துனீங்க. குடிச்சுக்க சாமீங்கற மாதிரி. சிரிச்சுட்டிருந்தீங்க. நான் வந்து இருவத்து மூணு வருசத்துல நீங்க தனியா நின்னு சிரிச்சுப் பாத்ததில்ல. கூப்புட்டுக் கெடுக்க வேண்டாம்னு நின்னுட்டேன்."

"நேத்து எதுக்கு அப்படிச் சொன்னே?"

"என்னைய ஒரு மாசம் கேலி பேசுவாங்க, மறந்துருவாங்க. உங்களச் சொன்னா நீங்க மறக்க மாட்டீங்க. அப்பறம் அந்த இருதயராஜுக்குப் பச்சத்தண்ணி கூட இந்த ஊட்ல கெடைக்காது. புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. உடுங்க."

மாவை வழித்து எடுத்தாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

சாப்பிடவில்லை. பசியில்லை.

அக்டோபர் 15, புதன்

காலையில் மகனிடம் சொன்னேன். வேறு யாரும் இல்லாத நேரம் பார்க்கவில்லை, எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். "வண்டிக்கு எண்ணெய் ஊத்துனது நான். உம்பொண்டாட்டி இல்ல. கோவத்த உட்டுப்போட்டு அவகிட்டப் பேசு."

அவன் என்னைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது அவனுக்கு. "அம்மா, நீயா? நீயா அவளக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்ற?"

"பொய்யில்லடா. நாந்தான்."

"போதும்மா. நீ இந்த அளவுக்கு எறங்கி வந்த பொறவு நான் மூஞ்சியத் தூக்கிட்டிருந்தா நான் மனுசனே இல்ல." போய்ப் பெண்டாட்டியிடம் காப்பி கேட்டான். மூணு நாளுக்கப்புறம் முதல் பேச்சு.

அரிசி டிரம்முக்கு அடியில் இருந்த அட்டையை எடுத்து வந்து காட்டினேன். சொட்டு சொட்டாகத் தேதி போட்டு வைத்திருக்கிறேன் பார், எனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை என்றேன். தர்ஷினி என்னைக் கட்டிக்கொண்டாள். "நான் போன்ல படிச்சத வெச்சு, நடந்ததுக்கப்பறம் உக்காந்து இதையெல்லாம் செஞ்சியா ஆத்தா? அம்மாவுக்காகவா?" என்றாள். நான் அவள் கையை விலக்கினேன். விலக்கினதையும் வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

கலாமணி அடுப்படியில் நின்று எல்லாம் கேட்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம்பிவிடுவார்கள்.

அக்டோபர் 16, வியாழன்

ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. கோயிலில் ரெண்டு பேர் என் கையைப் பிடித்து, மாமியார் என்றால் உங்களைப் போல இருக்க வேண்டும் என்றார்கள். இருதயராஜ் ஒரு சீப்பு மலை வாழைப்பழத்தோடு வந்தான். அவனிடமும் நான்தான் ஊற்றினேன் என்றேன். "சரிங்க ஆத்தா, அப்படியே இருக்கட்டும்" என்று கும்பிட்டான். அந்த ஆனி மாசச் செவ்வாய்க்கிழமையை நான் சொல்லிக் காட்டினேன். அவனுக்கு அது நினைவே இல்லை. தப்புத்தான் ஆத்தா என்றான். இருதயராஜை மன்னித்துவிட்டேன். தேதி போட்டு எழுதுகிறேன். சிரித்த நாலு பேரையும் விட்டுவிட்டேன். குனிந்து பார்க்காத என் மகனை மன்னித்துவிட்டேன்.

சாயந்திரம் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். காலை இழுத்துக்கொண்டேன். விடவில்லை. சூடு பறக்கத் தேய்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. தைலத்தின் காரம். என்னைத் திட்டவேண்டியவர்கள் எல்லோரும் என்னைக் கும்பிடுகிற மாதிரி செய்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி, "வலி தேவலையாங்கத்தை?" என்று கேட்கிறாள்.

மிச்சம் இருப்பது ஒரே ஒரு பேர். அவளை மட்டும் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன். கலாமணி.